பதினாலாம் நம்பர்

மூட்டையாமா? மூட்டை! எந்தக் கண்ணால பாத்தானோ! கோகிலவாணி அந்த வரியை மூன்றாவது தடவையாகப் படித்தாள். படிக்கப் படிக்கக் காது மடல் சூடேறிக்கொண்டு வந்தது. மனித உருவம் எதுவும் தெரியவில்லை, துணி மூட்டை என்று திருத்தவும். இங்கிலீஷில் ஒரே ஒரு வரி. வரிக்குக் கீழே ரிவ்யூவர் எட்டு என்று போட்டிருந்தது. பேர்கூடக் கிடையாது, நம்பர்தான், பேர் போட்டால் யாராவது வீடு தேடிப் போய்ச் சட்டையைப் பிடித்துவிடுவார்கள் என்ற பயம் போலிருக்கிறது. அதற்கும் கீழே ரெண்டு பட்டன். பச்சையில் ஒப்புக்கொள்கிறேன், சாம்பல் நிறத்தில் அப்பீல். பச்சை பெரிசாக இருந்தது, சாம்பல் சின்னதாக இருந்தது, இதில்கூட ஒரு ஓரவஞ்சனை. மூலையில் ஒரு கடிகாரம் பத்தொன்பது நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு என்று இறங்கிக்கொண்டிருந்தது. இருபது நிமிஷத்துக்குள் எதையும் அமுக்காமல் விட்டால் ஒப்புக்கொண்டதாகவே அர்த்தம். அதாவது இவள் சும்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே படத்தில் இருக்கிற அந்த ஆள் மூட்டையாகிவிடுவான். நல்லா இருக்குதப்பா உங்க நியாயம்.

ஆள்தான். அதில் அவளுக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. ஏதோ ஒரு ஊர், கடை போர்டில் இருந்த எழுத்து நம்ம எழுத்து இல்லை, தெலுங்கோ கன்னடமோ. பாலத்துக்குக் கீழே ரோட்டோரமாக ஒரு ஆள் தலையிலிருந்து கால்வரைக்கும் பழுப்புப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறான். காரின் முன்கண்ணாடியில் மாட்டியிருந்த கேமரா போகிற போக்கில் எடுத்த படம். இந்த மாதிரிப் படங்கள்தான் அவளுக்கு வேலை. ஈரோட்டில் பெருந்துறை ரோட்டில், பெயிண்டுக் கடைக்கு மேல் மாடியில், நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்து காலை ஒன்பதிலிருந்து ஆறுவரைக்கும் படத்தில் இருப்பதையெல்லாம் சுற்றிப் பெட்டி போடுகிறார்கள். இது ஆள், இது லாரி, இது மாடு, இது கரண்டுக் கம்பம். எங்கேயோ எவனோ ஓட்டுகிறவன் இல்லாமல் தானாக ஓடுகிற கார் செய்கிறானாம். அந்தக் காருக்குச் சொந்தக் கண் கிடையாது, இந்த நாற்பது பேர் போடுகிற பெட்டியைப் பார்த்துப் பார்த்துத்தான் அது கண் பழக வேண்டும். ஆள் என்றால் ஒன்றாம் நம்பர். மூட்டை, கந்தல், குப்பை எல்லாம் சேர்த்துப் பதினாலாம் நம்பர். பதினாலைத் தட்டினால் கூடவே ஒரு கேள்வி வரும், வண்டி இதன்மேல் ஏறிப் போகலாமா என்று. துணி என்றால் ஆமாம் என்கிற இடத்தில் டிக் தானாகவே விழுந்திருக்கும். ஏறிப் போகலாமாம்! மனுசன் மத்தியானம் செத்த நேரம் கண்ணசந்து படுத்திருக்கிறான், அவன்மேல் ஏறிப் போகலாம் என்று இவள் டிக் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். வாயில் என்னென்னவோ வந்தது. பக்கத்து சீட்டில் ஷகிலா காதில் ஒயரை மாட்டிக்கொண்டு மும்முரமாக ஒரு லாரிக்குப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று வந்ததை முழுங்கிக்கொண்டாள்.

முழுங்கித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் கோகிலவாணியின் மார்க்கு தொண்ணூற்றைந்து புள்ளி நாலில் நின்றுகொண்டிருந்தது. திருத்தத்தை ஒப்புக்கொண்டால் ஒரு கால் புள்ளி போகும். அப்பீல் போட்டுத் தோற்றால் முழுசாக ஒரு புள்ளி போகும். தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கினால் லாகின் வேலை செய்யாது, வீட்டில் உட்கார வேண்டியதுதான், கூப்பிடுகிறோம் என்பார்கள். வனிதாவை ஆடி மாசத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள், கூப்பிடுகிறோம் என்றுதான் சொன்னார்கள், இப்போது ஐப்பசி நடக்கிறது, அவள் பனியன் கம்பெனியில் நூல் வெட்டிக்கொண்டிருக்கிறாள். மாசத்துக்கு மூன்று அப்பீல்தான், அதில் ரெண்டை ஏற்கெனவே தோற்றாயிற்று. முதலாவது, கட்டிடத்துச் செங்கல் சுமக்கிற ஒரு பொம்பளை, தலையில் செங்கல் அடுக்கு, முகத்துக்கு மேலே சேலை முந்தி. சுவர் என்று வந்தது. சுவருக்குக் கொலுசு இருக்குமாடா கூமுட்டை! ரெண்டாவது ஒரு வைக்கோல் பொதி, அதற்குள்ளே ஒரு மொபெட், மொபெட்டின்மேல் ஒரு ஆள். வெளியே தெரிந்தது ரெண்டு பாதமும் ஹேண்டில் பாரில் ஒரு கையும் மட்டும்தான். அதையும் பொதி, அசையாதது என்று திருப்பி அனுப்பினான். ரோட்டு நடுவில் வைக்கோல் பொதி தானாக எந்திரிச்சு நடந்து போகிற நாட்டிலா இருக்கிறான் இந்த எட்டு? அவளுக்கு அவன் முகமே தெரிந்தது. சிவந்த முகம், வெள்ளைக்காரன், கண்ணாடிக் கட்டிடத்தில் பதினஞ்சாவது மாடி, கையில் காப்பி. அவன் ஊரில் ரோட்டில் ஆள் படுத்திருந்தால் ஆம்புலன்ஸ் வரும். அவன் ஜென்மத்தில் வெயிலுக்குப் பயந்து முகத்தை மூடியிருக்க மாட்டான். சில நாள் அந்தச் சிவந்த முகம் பிடிக்கவில்லை என்றால் வேறு மாதிரி மாற்றிக்கொள்வாள். நம்ம ஊர்க்காரன்தான், பெங்களூரில் படித்துவிட்டு அமெரிக்கா போனவன், இங்கே ரோட்டோரம் படுத்திருப்பவர்களைத் தெரிந்தும் தெரியாதது மாதிரி ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிற ஜாதி. அவன் இன்னும் மோசம். அவனைத் திட்டும்போது வாய்க்கு இன்னும் வசதியாக இருக்கும்.

பதினாறு இருபது. மானிட்டர் ஓரத்தில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள், தண்ணீர் ஏசியில் சில்லிட்டுப் போயிருந்தது. ஏசிக் காற்று நேராக இவள் கழுத்தில்தான் விழும், அதற்காகவே வீட்டிலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்து போட்டுக்கொள்வாள், அப்பாவின் துண்டு. என்ன துவைத்தாலும் மஞ்சள் வாசம் லேசாக இருக்கிற துண்டு. அதைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டதும் நினைக்கக் கூடாது என்று நினைத்த இடத்துக்கே மனசு போய் நின்றது. வெள்ளைக் கார். வெள்ளைச் சட்டை. மூட்டைன்னு நெனச்சேனுங்க. அந்த ஆள் கார் கதவைத் திறந்து இறங்கியதும் முதலில் சொன்னது அதைத்தானாம், ஐயோ என்றுகூடச் சொல்லவில்லையாம். மூட்டைன்னு நெனச்சேனுங்க, சத்தியமா மூட்டைன்னுதானுங்க நெனச்சேன். அப்போது இவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அப்பா மாரப்பன் மஞ்சள் மண்டியில் லோடுமேன், காலை நாலு மணிக்குப் போனால் மத்தியானத்துக்குள் ரெண்டு லாரி இறக்கிவிடுவார், இறக்கிவிட்டு அடுத்த லாரி வருகிறவரைக்கும் குடோன் சுவரோரம் நிழலில் படுப்பார். அவர் மட்டுமா, ஏழெட்டுப் பேர் வரிசையாகப் படுத்திருப்பார்கள். ஈ மொய்க்கும், மஞ்சள் தூசி மூக்கில் ஏறும், வெளிச்சம் கண்ணில் அடிக்கும், அதனால் வேட்டியையோ சாக்கையோ உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். அம்மா கட்டிக் கொடுத்த தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு லீவு நாளில் இவள் போவாள். ஏழெட்டு உருவமும் ஒரே மாதிரி கிடக்கும். இதில் எது அப்பா என்று எப்படித் தெரியும்? தலைமாட்டைப் பார்க்க வேண்டும். செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்து, மேலே துண்டைச் சுற்றித் தலைக்கு வைத்துக்கொள்வார்கள், ஒவ்வொருத்தரும் அப்படித்தான், இல்லையென்றால் எந்திரிக்கும்போது செருப்பு இருக்காது. அப்பாவின் செருப்புக்கு நீல வார், அதில் ஒரு பக்கம் அறுந்து கறுப்பு நூலில் தைத்திருக்கும். துண்டுக்கு வெளியே அந்தத் தையல் தெரிந்தால் அதுதான் அப்பா. பாதத்தில் ரெண்டு தட்டுத் தட்டி, எந்திரிங்கப்பா, சோறு, என்பாள். வேட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வரும், வந்துட்டியா சாமி.

அன்றைக்கு அவள் போகும்போது கார் ஏறி முடிந்திருந்தது. பள்ளிக்கூடத்துக்கு யாரோ வந்து சொல்லி, யூனிஃபார்மோடு ஓடினாள். மண்டிக்கு மஞ்சள் பார்க்க வந்தவன் காரைப் பின்பக்கமாக எடுத்திருக்கிறான், சக்கரம் அப்பாவின் வலது காலில் ஏறிவிட்டது, முழங்காலுக்குக் கீழே. சுற்றி நின்ற அத்தனை பேரும் அவன் சொன்னதற்குத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள், அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை. பூரா மூட்டையாக் கெடக்குற எடம், அவரு என்ன பண்ணுவாரு, என்று மண்டிக் கணக்கப்பிள்ளை சொன்னார். அதைவிடக் கொடுமை, தரையில் கிடந்த அப்பாவே அவனைப் பார்த்துக் கையெடுத்தார். அவுரு மேல தப்பில்லீங்க, நாந்தானுங்க போத்திப் படுத்துட்டேன், என்றார். கால் திரும்பிக் கிடக்கிறது, வாய் மன்னிப்புக் கேட்கிறது! எதுக்குப்பா அப்படிச் சொன்னீங்க என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். ஆசுபத்திரியில் கேட்டாள், கால் உள்ளே பிளேட்டு வைத்து வீட்டுக்கு வந்த பிறகு கேட்டாள், சண்டை வந்தபோதெல்லாம் கேட்டாள். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். நினைத்தேன் என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் போதுமா? நீ எதை நினைக்கிறாயோ அதுவாக நாங்கள் ஆகிவிட வேண்டுமா? பாத்தியா என்று ஒருத்தராவது அந்த வெள்ளைச் சட்டையைக் கேட்டார்களா? நினைச்சது இருக்கட்டும், பாத்தியாடா? இறங்கிப் பாத்தியா?

பன்னிரெண்டு ஐந்து. அப்பா இப்போது ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன், காலை நீட்டி உட்கார்கிற வேலை. மகள் வேலையை அவரிடம் எப்படி விளக்குவது என்று தெரியாமல் காருக்குப் பாடம் சொல்லித் தர்ற வேலைப்பா என்று சொல்லி வைத்திருந்தாள். அபார்ட்மெண்ட்காரர்களிடமெல்லாம் அவர் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார், என்ற புள்ள காருக்கு டீச்சருங்க. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே திடீரென்று கேட்டார், ஏஞ்சாமி, அந்தக் காரு என்னயப் பாத்தா நிக்குமா? விளையாட்டாகக் கேட்ட மாதிரிதான் கேட்டார், ஆனால் பிசைந்த சோறு கையிலேயே இருந்தது, வாய்க்குப் போகவில்லை. நிக்கும்ப்பா, என்றாள். போத்திப் படுத்திருந்தாக்கூடவா? போத்திப் படுத்திருந்தாலும் நிக்கும்ப்பா, நாஞ் சொல்லித் தந்திருக்கறனில்ல. அப்பா அப்புறம்தான் அந்த வாயைச் சாப்பிட்டார். சொல்லித் தந்திருக்கிறேன் என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னோம். இப்போது இந்தப் பச்சைப் பட்டனைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அவர் முன்னால் தட்டைப் போட்டு உட்கார முடியுமா? முடியும், ஏன் முடியாது, அவருக்கு என்ன தெரியப் போகிறது. அதுதான் பயமாக இருந்தது, முடியும் என்பதுதான்.

சாம்பல் பட்டனைத் தட்டினாள். ஒரு கட்டம் திறந்தது. காரணத்தை எழுதவும், இங்கிலீஷில், இருநூறு எழுத்துக்குள். கெரகம் பிடித்தவர்கள், இதற்குமா அளவு! ஒரு மனுசனை மனுசன் என்று நிரூபிக்க இருநூறு எழுத்து, அதுவும் அவன் பாஷையில். இட் ஈஸ் எ மேன் என்று அடித்தாள். அழித்தாள். இதைத்தான் முதலிலேயே சொன்னோம், கேட்டானா? எதைக் காட்டுவது? முகம் இல்லை, கை இல்லை, கால் இல்லை. முகம் இருந்தாலும் பிரயோஜனமில்லை, படம் இங்கே வருவதற்கு முன்னாலேயே எல்லார் முகத்தையும் கலங்கலாக்கித்தான் அனுப்புவார்கள். டிரெயினிங்கில் அதைப் பெருமையாகச் சொன்னார்கள், யார் என்று யாருக்கும் தெரியக் கூடாதாம், அது அவர்கள் உரிமையாம். ஆகா, முகத்துக்கு எவ்வளவு மரியாதை! ஆளையே அழிக்கும்போது மட்டும் யாருக்கும் எதுவும் உறுத்துவதில்லை. படத்தைப் பெரிசாக்கினாள், இன்னும் பெரிசாக்கினாள், போர்வை கட்டம் கட்டமாக உடைகிறவரைக்கும். ஒரு பக்கம் தட்டையாக முடிந்தது, இன்னொரு பக்கம் கொஞ்சம் உயர்ந்திருந்தது. உயர்ந்த பக்கத்தின் அடியில் கறுப்பாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. ரெண்டு நுனி, பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவு. ஒரு நுனியில் சிவப்பாக ஒரு கோடு, வார். செருப்பு. ஜோடியாகத் தலைக்கு வைத்திருக்கிறான். எந்த ஊரோ, என்ன பாஷையோ, யார் பெற்ற பிள்ளையோ, ஆனால் எந்திரிக்கும்போது செருப்பு இருக்க வேண்டும் என்று யோசித்துவிட்டுப் படுத்திருக்கிறான். அடேய் எட்டு, இப்பச் சொல்லுடா.

“என்னம்மா கோகிலா, இன்னுமா அதையே பாத்துட்டு உக்காந்திருக்கற?” ஜெகதீசன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான், டீம் லீடர், இவளைவிட ஐந்தாறு வயசு மூத்தவன், மார்க்கு விழுந்தால் அவனுக்கும் பேச்சு விழும். “பச்சையத் தட்டிட்டு அடுத்ததுக்குப் போம்மா.” ஆளுங்கண்ணா அது, என்றாள். “ஆளாவே இருக்கட்டும். லட்சக்கணக்குல படம் போவுது. இந்த ஒண்ணப் பாத்துத்தான் காரு கத்துக்கப் போவுதா? உனக்கு இருக்கறது ஒரே அப்பீலு. வனிதா கதை தெரியுமில்ல?” “செருப்பப் பாருங்கண்ணா. தலைமாட்டுல பாருங்க.” அவன் குனிந்து பார்த்தான். சிவகிரிப் பக்கம் ஊர், கரும்பு வெட்டுக்குப் போய் வரப்பில் படுத்தவர்களின் வீட்டுப் பையன், அவனுக்கா தெரியாது. பார்த்துவிட்டு நிமிர்ந்தான். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, “எனக்குத் தெரியுதும்மா,” என்றான், “எட்டுக்குத் தெரியோணுமே.” அந்த எட்டக் கூப்பிடுங்க, நாம்பேசறேன், என்று இவள் வெடித்தாள், ஷகிலாகூட ஒயரைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். “எனக்கு இங்கிலீசு வராட்டிப் போவுது, வாட்ஸப்புல வரச் சொல்லுங்க. இல்ல ஒரு நாளைக்கு மண்டிக்கு வரச் சொல்லுங்க, மத்தியானம் ரெண்டு மணிக்கு, எது ஆளு எது மூட்டைன்னு நாங் காட்டறேன். அப்படி என்ன பெரிய கண்ணு அவனுக்கு!” ஜெகதீசன் சுற்றுமுற்றும் பார்த்தான். “மெதுவாப் பேசு. எட்டு ஆளே இல்லம்மா. மிசினு. போன மாசத்துலருந்து ரிவ்யூ பூரா மிசினுதான். சொல்ல வேண்டாம்னிருக்காங்க.” சிவந்த முகம், காப்பி, பதினஞ்சாவது மாடி எல்லாம் எங்கேயோ போயிற்று. இத்தனை நாளாக யாரைத் திட்டிக்கொண்டிருந்தோம்? “அப்ப அந்த மிசினுக்கு இது மூட்டைன்னு எவன் சொல்லிக் குடுத்தது?” ஜெகதீசன் கழுத்தைத் தடவிக்கொண்டான். “வேற யாரு? நாமதான். ஜூன், ஜூலையில நம்ம செட்டு போட்ட படத்த வெச்சுத்தான் அதப் பழக்கியிருக்காங்க. நாப்பது பேரு போட்டதும் அதுல இருக்குது. நாம்போட்டதும் இருக்குது, நீ போட்டதும் இருக்குது.” இதைச் சொல்லிவிட்டு, “பச்சையத் தட்டு சாமி, சொன்னாக் கேளு,” என்று அவள் தோளுக்குப் பின்னால் ஒரு தடவை தயங்கி நின்றுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனான்.

ஜூன். சேர்ந்த புதிது. ஆமாம், போட்டாள்தான். யார் இல்லை என்று சொல்வது? ஒன்றாம் நம்பர் போட்டால் சும்மா விடாது, தலை எங்கே, ரெண்டு தோள் எங்கே, முழங்கை, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று உடம்பு பூராவும் பதினேழு புள்ளி வைக்கச் சொல்லும். போர்த்திப் படுத்திருக்கிறவனுக்கு முழங்கை எங்கே என்று போர்வையைத் தூக்கியா பார்ப்பது? ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம் பிடிக்கும். பதினாலு என்றால் ஒரே இழுப்பு, ரெண்டு செகண்டு. ஒரு நாளைக்கு அறுநூறு படம் முடிக்க வேண்டும், சந்தேகம் வந்தால் பதினாலு போடுங்கள் என்று டிரெயினிங்கிலேயே சொன்னார்கள். சந்தேகமா? சந்தேகம் எங்கே வந்தது! ஒரு நாளும் வரவில்லை. பார்த்த மாத்திரத்தில் ஆள் என்று தெரிந்தது, நாற்பது பேருக்கும் தெரிந்தது, இந்த மாடியில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருத்தர் வீட்டிலும் அப்படிப் படுக்கிற ஒருத்தர் இருந்தார் அல்லது இருக்கிறார். தெரிந்தே போட்டார்கள். ஷகிலாதான் முதலில் சொல்லிக் கொடுத்தாள், ஏய், படுத்திருக்கறதுக்கெல்லாம் பதினாலப் போட்டுடு, சீக்கிரம் முடியும். இவளும் கெக்கலித்துக்கொண்டு போட்டாள். அந்த வாரம் வேகத்துக்காக இவளுக்கு ஒரு காப்பிக் கோப்பை பரிசாகக் கொடுத்தார்கள், இதோ மானிட்டர் பக்கத்தில் பேனாவெல்லாம் போட்டு வைத்திருக்கிறாள். எத்தனை பேர் இருக்கும்? நூறு? இருநூறு? அந்த வெள்ளைச் சட்டையாவது நினைத்தேன் என்றான். நான் என்ன சொல்வது? நினைக்கக்கூட இல்லையே, தெரிந்தேதான் செய்தேன் என்றா? அப்பா சாப்பாட்டுத் தட்டு முன்னால் கேட்டபோது, நாஞ் சொல்லித் தந்திருக்கறனில்ல என்று சொன்னது பொய்யே இல்லை. சொல்லித் தந்தாயிற்று. நன்றாகவே சொல்லித் தந்தாயிற்று. அது படித்துவிட்டு வந்து இன்றைக்கு அவளுக்கே திருப்பிச் சொல்கிறது. கோபம் வெளியே போக இடமில்லாமல் நெஞ்சுக்குள் கிடந்து முட்டியது, யார் மேலாவது வீசலாமென்றால் எதிரே ஒருத்தரும் இல்லை. வெட்கக்கேடு. அழுகைகூட வரவில்லை, வந்தால் அதற்கும் ஒரு அறை விட்டிருப்பாள்.

மூன்று பத்து. தட்டினாள், ஒவ்வொரு எழுத்தாக, தப்பா சரியா என்று பார்க்காமல். மூட்டை தலைக்குச் செருப்பு வைத்துக்கொண்டு தூங்காது. தலைப் பக்கம் பாருங்கள், ஒரு ஜோடி, சிவப்பு வார். இவர் ஆள். ஏறிப் போகக் கூடாது. இங்கிலீஷில் அது எப்படி வந்ததோ, இலக்கணம் இருந்ததோ இல்லையோ, நூற்று எழுபத்திரெண்டு எழுத்து. மார்க்கு தொண்ணூற்று நாலு புள்ளி நாலாக ஆனால் ஆகட்டும், பனியன் கம்பெனியில் வனிதா பக்கத்தில் இன்னொரு ஸ்டூல் இல்லாமலா போகும். ஒரு நிமிஷம் இருபது செகண்டு இருக்கும்போது சாம்பல் பட்டனை மறுபடியும் அமுக்கினாள். பரிசீலனையில் உள்ளது, நாற்பத்தெட்டு மணி நேரம், என்று வந்தது. எதிரிலேயே அடுத்த படமும் வந்து நின்றது, ஒரு பஸ், ரெண்டு ஸ்கூட்டர், ஒரு நாய். அவள் அதைத் தொடவில்லை. மேலே பழைய வேலைகள் என்று ஒன்று இருக்கும், யாரும் அதைத் திறப்பதில்லை. திறந்தாள். ஜூன் என்று போட்டுத் தேடினாள், பதினாலு என்று போட்டுத் தேடினாள். வரிசை வரிசையாக வந்தது, கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு குட்டிப் பூட்டு. பார்க்கலாம், மாற்ற முடியாது. ஒன்றைத் திறந்தாள். பஸ் ஸ்டாப் பக்கத்தில் நீலக் கைலி போர்த்தியபடி ஒருத்தர், சுற்றிலும் அவளே போட்ட பெட்டி, கோடு கச்சிதமாக, ஒரு பக்கமும் பிசகாமல் போட்டிருந்தாள். மேலே பதினாலு. ஏறிப் போகலாமா, ஆமாம். பெரிசாக்கினாள். ஒரு பக்கம் உயர்ந்திருந்தது, துண்டுக்கு அடியிலிருந்து பச்சை வார் ஒன்று எட்டிப் பார்த்தது. மவுஸை விட்டுவிட்டாள். மறு பக்கத்தில், கைலி தட்டையாக முடிகிற இடத்தில், பாதம் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்த இடத்தில், ஸ்கிரீனில் நகத்தால் ரெண்டு தட்டுத் தட்டினாள்.

“என்னடி பண்ற?” என்றாள் ஷகிலா.

கோகிலவாணி ஸ்கிரீனுக்கு இன்னும் கிட்டே குனிந்தாள். இன்னும் ரெண்டு தட்டுத் தட்டினாள்.

“அண்ணா, எந்திரிங்கண்ணா. வண்டி வருது. எந்திரிங்க.”